இடம், பொருள், ஏவல் அறியா மென்பொருள்கள்

கணினித் துறையில் தரவு உருமாற்றம் என வழங்கப்படும் செயல், வெறும் எழுதுவினைஞர் வேலை போலவே நம்மிற் பலரால் நோக்கப்பட்டு வருகின்றது. ஒரு கோப்பிலுள்ள திகதிகளை இன்னொரு கோப்புக்கேற்ற வடிவிற் பெயர்த்தல், பழைய எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட வாசகத்தை ஒருங்குறிக்குக் கொணர்தல், பெயர்களை ஒரே சீராக அமைத்தல், ஒரு நாட்டு நேரத்தை மற்றொரு நாட்டு நேரமாகக் கணித்தல் என்பன யாவும் இவ்வகையின. செய்நிரலாக்கம் கற்பிக்கும் வகுப்புகளில் இவற்றுக்கு ஒதுக்கப்படும் இடம் மிகச் சிறிது. உள்ளீடு ஒன்று, வெளியீடு ஒன்று, இரண்டுக்கும் இடையே விதி ஒன்று. விதியைச் சரியாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்பதே மாணவர் பெறும் போதனை. இப்போதனை தவறானது என்பதும், அதன் தீய விளைவுகளை அனுபவிப்போர் பெரும்பாலும் அதனை வகுத்தோர் அல்லர் என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

எந்தத் தரவும் தன்னளவில் முழுப் பொருளைத் தாங்கி நிற்பதில்லை. அதனை யார், எங்கு, எப்பொழுது, எதன் பொருட்டுப் பதிந்தனர் என்பனவும், அது இனிச் சென்றடையவிருக்கும் இடம் யாது என்பதும் சேர்ந்தே அதன் பொருளைத் தீர்மானிக்கின்றன. இவற்றின் தொகுதியைச் சூழமைவு என்று இக்கட்டுரை வழங்கும். சபையிற் பேச எழுவோன் இடம், பொருள், ஏவல் அறிந்து பேசவேண்டும் என்பது தமிழ் மக்களின் நெடுநாளைய எதிர்பார்ப்பு. மனிதனுக்கு விதிக்கும் இவ்வொழுங்கை மனிதனின் சொற்களையும் எண்களையும் மாற்றி எழுதும் மென்பொருளுக்கு விதிக்க நாம் ஏன் தயங்குகின்றோம்?

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இக்கருத்துப் புதிதன்று. 'மரம்' என்னும் நிலைமொழியோடு 'கிளை' என்னும் வருமொழி சேரும்போது மகரம் கெட்டு, ககரம் மிகுந்து, 'மரக்கிளை' என்றாகின்றது. அதே நிலைமொழியோடு 'குறிது' என்பது எழுவாய்த் தொடராய்ச் சேரும்போது மகரம் ஙகரமாய்த் திரிந்து 'மரங்குறிது' என்றாகின்றது. ஈரிடத்தும் நிலைமொழியின் ஈறு மகரமே. வருமொழியின் முதல் ககரமே. எழுத்துகளை மட்டும் உற்றுநோக்கும் ஒருவனுக்கு இரண்டும் ஒரே நிலைமையாகவே தோன்றும். வேறுபாடு எழுத்தில் இல்லை. சொற்களுக்கிடையேயுள்ள உறவில் உண்டு. இதனாலேயே தொல்காப்பியம் வேற்றுமைப் புணர்ச்சி என்றும் அல்வழிப் புணர்ச்சி என்றும் பிரித்து விதி கூறிற்று. சூழமைவை விதியின் ஓர் உள்ளீடாக வெளிப்படையாகப் பெயர்சொல்லி ஏற்றுக்கொண்ட முறை அது. இன்றைய மென்பொருளாக்கத்திற் பெரிதும் குறைவுபடுவது இம்முறையே.

சூழமைவைப் புறக்கணிக்கும் மென்பொருள்கள் எல்லாம் ஒரே வகையிற் பிழைபடுவதில்லை. அப்பிழைகளை நால்வகையாகப் பகுத்து நோக்கலாம். சூழமைவை ஊகித்தல் ஒன்று; மறைத்துவைத்தல் ஒன்று; சேருமிடம் அறியுமுன்பே மாற்றிவிடுதல் ஒன்று; வந்த வழியிலேயே சூழமைவை உதிர்த்துவிடுதல் மற்றொன்று.

ஊகித்தலுக்கு உலகறிந்த சான்று எக்செல் விரிதாளாகும். மனித மரபணுக்களுக்கு அறிவியலாளர் சுருக்கக் குறியீடுகள் வழங்கியுள்ளனர். செப்டின் என்னும் புரதக் குடும்பத்தின் முதல் மரபணுவுக்கு, எஸ், ஈ, பி, ரி என்னும் இலத்தீன் எழுத்துகளும் 1 என்னும் இலக்கமும் சேர்ந்த குறியீடு வழங்கிற்று. மார்ச் என்ற சொல்லோடு எண் சேர்ந்த குறியீடுகளும் இருந்தன. இவற்றை விரிதாளில் இட்டவுடன், அது அவற்றைச் செப்டெம்பர் 1 என்றும் மார்ச் 1 என்றும் திகதிகளாகக் கொண்டு, உள்ளே ஒரு நாட்கணக்கு எண்ணாக மாற்றி வைத்தது. கோப்பைச் சேமித்த பின்னர் பழைய குறியீட்டை மீட்க வழியில்லை. இவ்வகைப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்திருந்த மரபணுவியல் ஆய்வுக்கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் இருந்தமையை 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. முடிவில் நிகழ்ந்தது யாது? 2020ஆம் ஆண்டில் மனித மரபணுப் பெயரீட்டுக் குழு அம்மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றியது. இத்தானியங்கு மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்செல்லிற் பரவலாக வழங்கியது 2023ஆம் ஆண்டிலேதான்.

இந்நிகழ்ச்சியைச் சிலர் நகைச்சுவையாகக் கூறிச் செல்வர். இதில் நகைப்பதற்கு ஏதுமில்லை. ஓர் அறிவியற்றுறை தன் கலைச்சொற்களை ஓர் அலுவலகக் கருவியின் ஊகத்துக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கருவி மனிதனுக்கேற்ப வளையாதபோது மனிதன் கருவிக்கேற்ப வளைகின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மறைத்துவைத்தல் இதனினும் நுட்பமான பிழை. இலத்தீன் நெடுங்கணக்கின் ஒன்பதாம் எழுத்தை ஆங்கிலத்திற் பெரிதாக எழுதினாற் புள்ளியில்லை. சிறிதாக எழுதினாற் புள்ளியுண்டு. துருக்கி மொழியிலோ புள்ளியுள்ளதும் புள்ளியற்றதும் இரு வேறு எழுத்துகள். இரண்டுக்கும் தனித்தனியே பெரிய வடிவமும் சிறிய வடிவமும் உண்டு. ஆகவே பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக மாற்றுதல் என்னும் மிக எளிய உருமாற்றங்கூட மொழியறியாது செய்யத்தக்கதன்று. ஜாவா மொழியில் இதற்கென அமைந்த செயற்கூறை எந்த மொழிக்குரியதென்று கூறாமல் அழைக்கவும் இயலும். அவ்வாறு அழைத்தால், இயங்கும் கணினியின் இயல்புநிலை மொழியை அது தானே எடுத்துக்கொள்ளும். எழுதியவனின் மேசையிற் செவ்வையாக இயங்கிய செய்நிரல் துருக்கியிலுள்ள ஒரு கணினியிற் சென்று, தன் சொந்தக் கட்டளைச் சொற்களையே அடையாளங்காண மாட்டாமல் நின்றுவிடும். இங்கே சூழமைவு இல்லாமற் போகவில்லை. அது உள்ளே ஒளிந்திருந்தது. விதியைப் படிப்பவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. சோதித்தவன் கைக்கும் அகப்படவில்லை.

மூன்றாவது பிழைக்குப் பி.எச்.பி. மொழியின் வரலாறு சான்றாகும். இணையப் படிவங்களில் மக்கள் எழுதி அனுப்பும் வாசகத்தில் மேற்கோட் குறி இருந்தால், அது தரவுத்தளத்துக்குச் செல்லும் கட்டளையைச் சிதைத்துவிடக்கூடும். தீயோர் இதனைப் பயன்படுத்தித் தரவுத்தளத்தையே கைப்பற்றவுங் கூடும். இதற்குப் பரிகாரமாக, உள்ளே வரும் எல்லா வாசகத்திலும் மேற்கோட் குறிக்கு முன்னே ஒரு பின்சாய்கோட்டைத் தானாகவே இடும் ஏற்பாடு அம்மொழியிற் செய்யப்பட்டிருந்தது. அவ்வாசகம் தரவுத்தளத்துக்குச் செல்கின்றதா, மின்னஞ்சலுக்குச் செல்கின்றதா, திரைக்குத் திரும்புகின்றதா என்பதை அவ்வேற்பாடு வினவவில்லை. டி'சூசா என்ற பெயருடையவர் தம் பெயரின் நடுவே வேண்டாத கோடொன்றைக் கண்டார். பாதுகாப்பும் முழுமையாகக் கிட்டவில்லை. ஏனெனில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் விதி வேறு. 2009ஆம் ஆண்டில் இவ்வேற்பாடு கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

இதற்கு மாறான நல்ல முறையும் உண்டு. கோ மொழியின் வலைப்பக்க வார்ப்புரு நூலகம், ஒரு மதிப்புப் பக்கத்தின் எவ்விடத்தில் அமரப்போகின்றது என்பதை வார்ப்புருவைப் பகுத்துப் பார்த்தே அறிகின்றது. சாதாரண வாசகத்தினுள் ஒரு விதி, இணைப்பு முகவரியினுள் வேறொரு விதி, பக்கத்தோடு இயங்கும் செய்நிரற் பகுதியினுள் மற்றொரு விதி என அது தெரிந்து மாற்றுகின்றது. சேருமிடத்தை அறிந்த பின்பே, சேரும் தறுவாயிலே மாற்றுகின்றது என்பது நோக்கற்பாலது. சூழமைவு உணர்ந்த உருமாற்றம் ஏட்டுச் சுரைக்காய் என்று கூறுவோர்க்கு இதுவே விடை.

நான்காவது பிழை நமக்கு மிக நெருங்கியது. 1990களிலும் 2000களிலும் இலங்கைத் தமிழ் அச்சுலகிற் பாமினி எழுத்துரு பரவலாக வழங்கிற்று. அதில் 'தமிழ்' என்ற சொல்லைப் பெற, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய விசைகளை அழுத்த வேண்டும். கோப்பினுள் உண்மையிற் பதிவாவன அவ்விலத்தீன் எழுத்துகளும் குறியுமே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு பற்றிய குறிப்பு ஒன்றே. அவ்வாசகத்தை வெறும் எழுத்துத் தொடராகப் பெயர்த்தெடுக்கும்போது அக்குறிப்பு உதிர்ந்துவிடுகின்றது. பின்னர் மாற்றுமென்பொருளிடம் கொடுத்தால், நடுவே வரும் ஆங்கில முகவரியும் நூற்பெயரும் பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாகி வெளிவருகின்றன.

அதனோடு சிக்கல் தீரவில்லை. ஔகார உயிர்மெய்யின் வலப்பக்க உறுப்பும் ளகரமும் பாமினியில் ஒரே விசைக்குரியன. ஆதலால் ஒற்றைக் கொம்பு, ககரம், ளகரம் என்னும் வரிசை 'கௌ' என்பதையும் குறிக்கலாம், 'கெள' என்பதையும் குறிக்கலாம். இவ்வரிசையை எங்குக் கண்டாலும் ஔகாரமாக்குக என்று விதி எழுதினால், கெளிறு என்னும் மீனின் பெயர் எழுதவொண்ணா உருவமாகிச் சிதையும். எங்கும் ளகரமே என்று கொண்டால், கௌரவம் கௌரவமாக இராது. அடுத்து இகரக் குறி வருகின்றதா என நோக்கினால் முதற் சிக்கல் தீரும். ஓர் உயிர்மெய்யில் இரண்டு உயிர்க்குறிகள் நிற்க இயலாது. இரண்டாவது சிக்கலோ சொல் இன்னதென்று அறிந்தால் மட்டுமே தீரும். எழுத்தின் அயல், சொல், ஆவணத்தின் எழுத்துரு எனச் சூழமைவு பல படிகளில் அமைந்துள்ளமை இதனாற் புலனாகும். ஈழத்து வெளியீடுகளை மின்னுலகுக்குக் கொணரும் பணியில் ஈடுபடுவோர் இதனை உணரவேண்டும். இன்று பிழைபட மாற்றி, மூலத்தையும் அழித்துவிட்டால், நாளைய ஆய்வாளன் பிழையையே மூலமாகக் கொள்வான்.

நேரம் பற்றிய செய்தி இன்னும் கூர்மையானது. இலங்கையின் நியம நேரம் 1996 மே மாதத்தில், உலகப் பொது நேரத்தினின்று ஐந்தரை மணித்தியாலம் முந்திய நிலையிலிருந்து ஆறரை மணித்தியாலம் முந்திய நிலைக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அது ஆறு மணித்தியாலமாயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. ஆகவே 2000 சனவரி 1ஆம் நாட் காலை 8 மணி என்று கொழும்பிற் பதிந்த நேரம் உலகப் பொது நேரப்படி அதிகாலை 2 மணியாகும். இலங்கை என்றால் ஐந்தரை என்று மாறிலியாக எழுதிவைத்த செய்நிரலோ அதனை 2.30 எனக் கூறும்.

நேர வலய வரலாற்றைத் தொகுத்து வைத்துள்ள அனைத்துலகத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால் இப்பிழை நீங்கும் என்பர். பெரும்பாலும் நீங்கும். ஆயினும் அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படாது, பழைய நேரமே வழங்கிற்று. ஒரே தீவில், ஒரே நாளில், இரு மணிக்கூடுகள் அரைமணி வேறுபட்டு ஓடின. அனைத்துலகத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு உள்ளதோ கொழும்பின் பெயரால் அமைந்த ஒரே பதிவு. 2003ஆம் ஆண்டில் வன்னியிற் பிறந்த ஒரு குழந்தையின் பிறப்பு நேரம் காலை 6.10 எனக் குறிக்கப்பட்டிருந்தால், அது எந்த மணிக்கூட்டின் 6.10 என்பதை எந்த விதியும் தானாகக் கூறமாட்டாது. சாதகம் கணிக்கும் மென்பொருளுக்கு இவ்வரைமணி இலக்கினத்தையே மாற்றிவிடக்கூடியது. சாதகத்தில் நம்பிக்கையற்றோர் வைத்தியசாலைப் பதிவையும் வழக்கொன்றிற் சான்றாகும் தொலைபேசிப் பதிவையும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஊரின் அரசியல் வரலாறே இங்குத் தரவின் சூழமைவாகின்றது. பதிந்த வேளையில் அதனைக் குறித்து வையாதுவிட்டால், பின்னர் எத்துணைத் திறமையான கணிப்பாலும் அதனை மீட்க இயலாது.

இனி, மாற்றுக் கருத்துடையோரின் வாதங்களை நோக்குவோம்.

எளிமையே மென்பொருளின் உயிர். ஓர் உள்ளீட்டுக்கு ஒரு வெளியீடு என்று இருந்தாலே அதனைச் சோதிக்கவும் நிறுவவும் இயலும். சூழமைவு புகுந்தால் ஒழுங்கு கெடும் என்பது முதலாவது வாதம். இதில் ஓர் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மை இவர்களுக்கே எதிராக நிற்கின்றது. சூழமைவு என்பது உலகில் உள்ளது; நாம் புகுத்துவதன்று. அதனைச் சார்பின் இரண்டாவது உள்ளீடாக வெளிப்படையாக அமைத்தால், அதே வாசகத்துக்கும் அதே சூழமைவுக்கும் எப்பொழுதும் அதே விடையே கிட்டும். சோதனையும் எளிது, நிறுவலும் எளிது. ஒழுங்கைக் கெடுப்பது மறைந்திருக்கும் சூழமைவே. ஜாவாச் செயற்கூறு காட்டிய பாடம் இதுவன்றோ?

இயந்திரக் கற்றல் வளர்ந்துவிட்ட இக்காலத்திற் சூழமைவைக் கேட்டுப் பெறுவதேன், கணினியே அதனை உணர்ந்துகொள்ளும் என்பது இரண்டாவது வாதம். இதுவே இன்று செல்வாக்கு மிக்கது. ஆகையாற் கூடுதலான எதிர்ப்புக்குரியது. எக்செல் செய்ததும் ஊகமே. விரிதாளைக் கையாளும் மக்களிற் பெரும்பாலாருக்கு அவ்வூகம் பொருத்தமானதுங்கூட. பெரும்பாலாருக்குப் பொருந்தும் ஊகம், பொருந்தாத சிலருக்கு எச்சரிக்கை ஏதுமின்றித் தீங்கு செய்தது என்பதே அங்கு நிகழ்ந்தது. திறமை மிக்க ஊகம் அச்சிலரின் தொகையைக் குறைக்கலாம். அவர்களுக்கு நேரும் தீங்கின் இயல்பை மாற்றாது. ஊகிக்கும் கருவி தன் ஊகத்தைப் பரிந்துரையாக முன்வைக்கட்டும். மனிதன் ஏற்கும்வரை மூலத்தைத் தொடாதிருக்கட்டும். இதற்கு மேற்பட்ட அதிகாரம் ஊகத்துக்கு வேண்டுவதில்லை.

ஒவ்வொரு தரவோடும் சூழமைவைக் காவிச் செல்வது செலவு மிக்கது என்பது மூன்றாவது வாதம். செலவு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அதனைச் செலுத்துவோர் யார் என்பதே வினா. மென்பொருளை ஆக்குவோன் செலவிட மறுத்தபோது மரபணுவியலாளர் செலவிட்டனர், துருக்கியர் செலவிட்டனர், டி'சூசா செலவிட்டார், பாமினிக் கோப்புகளை எழுத்தெழுத்தாகத் திருத்திய தட்டெழுத்தாளர் செலவிட்டார். இயல்புநிலை என்று ஒன்று மென்பொருளில் வைக்கப்படும்போது அது யாரோ ஒருவரின் சூழமைவாகவே இருக்கும். பெரும்பாலும் அது ஆக்கியோனின் மொழி, ஆக்கியோனின் நாட்காட்டி, ஆக்கியோனின் பெயரமைப்பு. தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதும் நம்மவர், முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் பிரித்த படிவமொன்றை நிரப்பியபின் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுவதை அறியாதார் யார்? சிறுபான்மையினரின் சூழமைவு எப்பொழுதும் விதிவிலக்காகவும், வலியோரின் சூழமைவு எப்பொழுதும் விதியாகவும் அமைவது பொறியியற் கட்டாயமன்று. அது ஒரு தெரிவு. தெரிவுக்குப் பொறுப்புக் கூற வேண்டியோர் உளர்.

நான்காவதாக, எல்லாமே சூழமைவைச் சார்ந்தது என்றால் எதையும் மாற்ற இயலாது முடங்க நேரும் என்பர். இவ்வச்சம் நியாயமானது. சூழமைவு என்ற பெயரிற் கையில் அகப்பட்ட அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் செய்நிரலின் ஒவ்வொரு மூலைக்கும் அனுப்பும் வழக்கமும் உண்டு. அம்மூட்டையுள் எது எந்த விதியைப் பாதிக்கின்றது என்பதை எழுதியவனும் சில மாதங்களில் மறந்துவிடுவான். இக்கட்டுரை வேண்டுவது அதுவன்று. புணர்ச்சி விதிக்கு வேற்றுமையா அல்வழியா என்ற செய்தி தேவை. பேசுவோனின் ஊர் தேவையில்லை. ஒவ்வோர் உருமாற்றமும் தனக்கு வேண்டிய சூழமைவை மட்டும் பெயர்சொல்லிக் கேட்கவேண்டும்.

இவற்றால் நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, ஒவ்வோர் உருமாற்றமும் தான் சார்ந்துள்ள சூழமைவை வெளிப்படையான உள்ளீடாகக் கொள்ளவேண்டும். இரண்டாவது, சூழமைவு தரவு பிறக்குமிடத்திலேயே பதியப்பட்டு, அதனோடு உடன் செல்லவேண்டும். உருமாற்றமோ சேருமிடம் தெரிந்த பின்பே நிகழவேண்டும். மூன்றாவது, வேண்டிய சூழமைவு கிடையாதபோது மென்பொருள் மாற்ற மறுத்து, ஐயத்தை வெளியிடவேண்டும். துணிந்து பிழை செய்தலாகாது. நான்காவது, மூலம் ஒருபோதும் அழிக்கப்படலாகாது. முதல் மூன்றிலும் நாம் தவறினாற்கூட, மூலம் எஞ்சியிருந்தால் திருத்தம் எய்தலாம்.

இவை நடைமுறைக்கு வருவதற்குப் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது உண்டு. உருமாற்றச் செய்நிரலொன்றை மாணவன் எழுதிக் கொணரும்போது, சரியான விடை வருகின்றதா என்று மட்டும் நோக்கிப் புள்ளி வழங்கும் வழக்கம் ஒழியவேண்டும். எந்தச் சூழமைவிற் சரி, எந்தச் சூழமைவில் அது மறுத்து நிற்கும் என்று வினவ வேண்டும். கணினித் துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒருவரையொருவர் அறியாது கற்கும் நிலையும் மாறவேண்டும். எழுத்து மாற்றத்துக்குச் சூழமைவு வகுத்த நெடிய மரபொன்று தமிழ்த்துறையின் கையில் உண்டு. கோடிக்கணக்கான சொற்களை ஒரு நொடியில் மாற்றும் ஆற்றல் கணினித்துறையின் கையில் உண்டு. முன்னதை அறியாத பின்னது எத்துணை விரைவாக இயங்குமோ அத்துணை விரைவாகவே பிழையைப் பெருக்கும்.

நம் நூல்களும் பதிவேடுகளும் பெயர்களும் மின்வடிவம் பெறுகின்ற காலம் இது. அவற்றை மாற்றி எழுதும் விதிகளை வேறெங்கோ இருப்போர் வகுத்துத் தருவர் என்று காத்திருந்தால், அவர்களது இயல்புநிலையே நமது வரலாறாகப் பதியப்படும். விதி வகுக்கும் பணியில் நாமே இறங்குவோமாக. முதற் பணியாக, நம் கையிலுள்ள பழைய கோப்புகளை எழுத்துருக் குறிப்போடும் திகதிக் குறிப்போடும் மூலவடிவிலேயே பேணி வைப்போமாக.